நூற்றுவர் தலைவன்: ஒரு டாங்கியின் கதை

போர் டாங்கிக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு பொய்யினால்தான். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இந்தக் கவச வண்டிகளை மிக இரகசியமாகச் செய்து வந்தார்கள். ஒற்றர்களுக்குச் சந்தேகம் எழாதிருக்க, அங்கே செய்யப்படுவன தண்ணீர்த் தொட்டிகளே என்று பேச்சைப் பரப்பிவிட்டார்கள். ஆங்கிலத்தில் தொட்டியைக் குறிக்கும் சொல்தான் ‘டாங்க்’. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் அந்தத் ‘தொட்டிகள்’ முள்வேலிகளை நசுக்கிக்கொண்டு முதன்முறையாகக் களத்தில் இறங்கின. இரகசியம் வெளிப்பட்ட பின்பும் பெயர் மாறவில்லை. அதுவே தமிழிலும் டாங்கி என வழங்கலாயிற்று.

அன்று முதல் எத்தனையோ வகை டாங்கிகள் வந்து போயின. அவற்றுள் 1943-இல் வரைபடமாகத் தொடங்கி, அரை நூற்றாண்டுக் காலம் பல நாட்டுப் படைகளில் பணியாற்றிய ஒன்று உண்டு. செஞ்சுரியன் என்பது அதன் பெயர். பண்டைய ரோமானியப் படையில் நூறு வீரர்களுக்குத் தலைமை தாங்கிய அதிகாரியை அவ்வாறு அழைப்பார்கள். நூற்றுவர் தலைவன் என்று நாம் சொல்லலாம். நம் நாட்டுப் படையிலும் இருந்த இந்த டாங்கியைக் கொண்டு, ஒரு டாங்கி எவ்வாறு உருவாக்கப்படுகிறது, அதன் பின்னுள்ள இயற்பியல் என்ன என்பதைக் காண்போம்.

ஒரு போர்வை, மூன்று பேர்

டாங்கிக்கு மூன்று தேவைகள் உண்டு. எதிரியின் கவசத்தைத் துளைக்கும் வலிமையுள்ள பீரங்கி வேண்டும். எதிரியின் குண்டைத் தாங்கும் கவசம் வேண்டும். வயல், மேடு, ஓடை எதுவாயினும் கடந்து செல்லும் ஓட்டம் வேண்டும்.

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகை. கவசத்தைத் தடிப்பாக்கினால் எடை கூடும். எடை கூடினால் வேகம் குறையும். பெரிய பீரங்கியைப் பொருத்தினால் அதைத் தாங்கப் பெரிய கோபுரம் வேண்டும்; அதற்கும் கவசம் வேண்டும்; மீண்டும் எடை கூடும். மார்கழி மாதக் குளிரில் மூன்று பேர் ஒரே போர்வையில் படுத்திருப்பதைப் போன்றது இது. ஒருவர் இழுத்தால் மற்றொருவரின் கால் வெளியே தெரியும்.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படையினர் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருந்தனர். காலாட்படையுடன் மெல்லச் செல்லத் தடித்த கவசமுள்ள ஒருவகை டாங்கி. விரைந்து பாய்ந்து தாக்க மெல்லிய கவசமுள்ள மற்றொரு வகை டாங்கி. போர்க்களத்திலோ இரண்டுமே அல்லலுற்றன. மெதுவாகச் சென்றவை உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. விரைந்து சென்றவை ஜெர்மானியரின் 88 மி.மீ. பீரங்கிக்கு இரையாயின. எல்லாப் பணிக்கும் ஒரே டாங்கி என்ற எண்ணம் அந்த இழப்புகளிலிருந்துதான் வலுப்பெற்றது. இன்று ‘முதன்மைப் போர் டாங்கி’ என்று நாம் கூறுவது அந்த எண்ணத்தின் விளைவே ஆகும்.

நாற்பது டன் தடை

1943-இல் புதிய டாங்கியை வடிவமைக்கத் தொடங்கியபோது வடிவமைப்பாளர்கள் முன் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அப்போதிருந்த டாங்கி ஏற்றிச் செல்லும் இழுவண்டிகள் 40 டன்னுக்கு மேல் தாங்கமாட்டா. ஆகவே எடை 40 டன்னுக்குள் இருக்க வேண்டும். 88 மி.மீ. குண்டை முன்பக்கத்தில் தாங்க வேண்டும் என்பதோ மற்றொரு நிபந்தனை. இரண்டும் ஒத்துவரவில்லை.

கவசத்தைக் குறைப்பதா? நல்ல வடிவமைப்பு ஒன்றை இழுவண்டிக்காகக் கெடுப்பதைவிடப் புதிய இழுவண்டிகளைச் செய்துகொள்வதே மேல் என்று முடிவு செய்யப்பட்டது. செருப்புக்காகக் காலை வெட்டாமல், காலுக்கேற்பச் செருப்பை மாற்றிக்கொண்டார்கள்.

1945 மே மாதத்தில் ஆறு முன்மாதிரி டாங்கிகள் சோதனைக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டன. அவை பெல்ஜியம் போய்ச் சேர்ந்தபோது ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது! எந்தப் போருக்காகச் செய்யப்பட்டதோ அந்தப் போரைச் செஞ்சுரியன் காணவே இல்லை.

சாய்வின் கணக்கு

கவசத்தை எடை கூட்டாமல் வலுப்படுத்த ஒரு வழி உண்டு. அதற்கு உங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள கோசைனே போதும். செஞ்சுரியனின் முன்பக்கத் தகடு 76 மி.மீ. தடிப்புள்ளது. ஆனால் அது நிமிர்ந்து நிற்கவில்லை. செங்குத்துக் கோட்டிலிருந்து 57 பாகை சாய்ந்திருக்கிறது. கிடைமட்டமாக வரும் குண்டு அதைத் துளைத்துச் செல்லவேண்டிய தொலைவு எவ்வளவு? 76-ஐ கோசைன் 57 பாகையால், அதாவது 0.545-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 140 மி.மீ. வருகிறதல்லவா? வெள்ளரிக்காயைச் சாய்த்து அரிந்தால் துண்டு நீளமாக வருவதும் இதே கணக்குத்தான். அத்துடன், சாய்ந்த தகட்டில் படும் குண்டு சறுக்கிக்கொண்டு போய்விடவும் வாய்ப்புண்டு.

ஐம்பது டன் எப்படி மிதக்கிறது?

நடுக்கால வகைச் செஞ்சுரியனின் எடை ஏறத்தாழ 51 டன். பத்து யானைகளின் எடை என்று கொள்ளலாம். இத்தகைய வண்டி வயலில் இறங்கினால் புதைந்துவிடாதா?

அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்து வருவது என்று படித்திருப்பீர்கள். டாங்கியின் சக்கரங்கள் தரையில் உருள்வதில்லை. அவற்றைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலிப் பட்டைகளின் மீது உருள்கின்றன. பட்டை ஒன்றின் அகலம் 61 செ.மீ.; தரையைத் தொடும் நீளம் ஏறத்தாழ 457 செ.மீ. இரண்டு பட்டைகளையும் சேர்த்தால் பரப்பு ஏறத்தாழ 55,750 சதுர செ.மீ. 51,000 கிலோவை இதனால் வகுத்தால் சதுர செ.மீ. ஒன்றுக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஒரு சாதாரணக் காரின் டயர் தரையை இதைப்போல் இரு மடங்கு அழுத்தத்துடன் மிதிக்கிறது!

ஆனால் இக்கணக்குக்கும் எல்லை உண்டு. நீர் பாய்ச்சிய நன்செய்ச் சேற்றில் எந்த டாங்கியும் திணறும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதனை இழுக்க 650 குதிரைத் திறன் கொண்ட மீட்டியோர் எஞ்சின் பொருத்தப்பட்டது. ஸ்பிட்பயர் போர் விமானத்தைப் பறக்கவிட்ட ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினிலிருந்து பிறந்தது அது. நம்பகமான எஞ்சின்தான், ஆனால் பெரும் பசிக்காரன். கிலோமீட்டருக்கு 4 லிட்டருக்கும் மேல் பெட்ரோல் குடித்தது. அத்தனை குடித்தும் சாலையில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தைத் தாண்டவில்லை. போர்வையின் எந்த முனை வெளியே தெரிந்தது என்று இப்போது புரிகிறதா? கவசமும் பீரங்கியும் போர்த்திக்கொண்டன. வேகம் குளிரில் கிடந்தது.

கோழித் தலையும் பீரங்கிக் குழாயும்

ஒரு கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு உடலை மட்டும் மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அதன் தலை அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். கோழியின் உட்செவியும் கண்ணும் உடலின் அசைவை உணர்ந்து, கழுத்தை அதற்கு எதிராக அசைக்கின்றன.

மேடுபள்ளத்தில் ஓடும் டாங்கியின் பீரங்கிக்கும் இத்தகைய ஏற்பாடு தேவை. குழாயின் முனை ஒரு பாகை தவறினால் ஒரு கிலோமீட்டர் தொலைவில் குண்டு 17 மீட்டருக்கு மேல் தவறிப் போகும். செஞ்சுரியனின் மூன்றாவது வகையில் கோழியின் உட்செவிக்குப் பதில் ஜைராஸ்கோப்புகள் அமைந்தன. விரைவாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளாது. பம்பரம் விழாமல் நிற்பதும் இதனால்தான். டாங்கி குலுங்கும்போது அசையாத ஜைராஸ்கோப்புக்கும் அசையும் குழாய்க்கும் இடையே உண்டாகும் வேறுபாட்டை உணர்ந்து, மின் மோட்டார்கள் குழாயைப் பழைய திசைக்கே கொண்டுவந்துவிடும். மேல்கீழ், இடவலம் ஆகிய இரு திசைகளிலும் இது வேலை செய்தது.

மரச்செருப்பு அணிந்த குண்டு

எஃகுத் தகட்டைத் துளைப்பது குண்டின் இயக்க ஆற்றல். அது நிறையோடு நேர் விகிதத்திலும், வேகத்தின் இருமடியோடு நேர் விகிதத்திலும் இருக்கும். நிறையை இரு மடங்காக்கினால் ஆற்றல் இரு மடங்கு. வேகத்தை இரு மடங்காக்கினாலோ நான்கு மடங்கு. எனவே வேகமே முதன்மை.

இங்கும் ஒரு முரண்பாடு. வெடிவாயு குண்டை நன்கு தள்ள வேண்டுமானால் குண்டின் பின்புறம் அகலமாக இருக்க வேண்டும். காற்றையும் கவசத்தையும் கிழித்துச் செல்ல வேண்டுமானால் குண்டு ஒடுக்கமாக இருக்க வேண்டும். இதற்குக் கண்ட வழி அழகானது. டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடினமான, கனமான பொருளால் ஒடுக்கமான குண்டைச் செய்து, அதைச் சுற்றி இலேசான உலோக உறை ஒன்றை மாட்டினார்கள். குழாய்க்குள் இருக்கும்வரை அது அகலமான குண்டு. வெளியே வந்ததும் உறை கழன்று விழ, ஒடுக்கமான குண்டு மட்டும் வினாடிக்கு 1,400 மீட்டர் அளவு வேகத்தில் பாயும். இந்த உறைக்குப் பிரெஞ்சு மொழியில் ‘சபோ’ என்று பெயர். மரச்செருப்பு என்பது அதன் பொருள்.

அசல் உத்தர்

செஞ்சுரியனின் முதல் போர் கொரியாவில் நடந்தது. 1950 நவம்பரில் அங்கு இறங்கிய டாங்கிகளைப் பகைவரைவிடக் குளிரே முதலில் தாக்கியது. எஞ்சின் உறைந்துவிடாதிருக்க அரைமணிக்கு ஒருமுறை அதை ஓடவிட வேண்டியிருந்தது. ஆயினும் செங்குத்தான குன்றுகளில் அது ஏறிய திறம் பலரை வியக்கவைத்தது.

1965 செப்டம்பரில் இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டது. பஞ்சாபில் கேம்கரண் பகுதிக்குள் பாகிஸ்தானின் கவசப் படை நுழைந்தது. அதனிடம் அமெரிக்கப் பாட்டன் டாங்கிகள் இருந்தன. காகிதத்தில் பார்த்தால் பாட்டன் முந்தியது: 810 குதிரைத் திறன், மணிக்கு 48 கி.மீ. வேகம், 90 மி.மீ. பீரங்கி. நம் இரு கண்களைப் போல இரு லென்சுகளின் காட்சி வேறுபாட்டைக் கொண்டு தொலைவை அளக்கும் நுட்பமான கருவியும் அதில் இருந்தது.

இந்தியப் படையினர் அசல் உத்தர் என்ற சிற்றூரைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் காத்திருந்தனர். வாய்க்கால் நீரைத் திருப்பி வயல்களை நனைத்து வைத்தனர். செஞ்சுரியன்கள் கரும்புத் தோட்டங்களில் மறைந்து நின்றன. முன்னேறிய பாட்டன்கள் சேற்றில் திணறி வேகம் இழந்தன, அருகிலிருந்து சுடப்பட்டன. மணிக்கு 48 கி.மீ. வேகம் சேற்றில் என்ன பயன் தரும்? சில நூறு மீட்டர் தொலைவில் நிகழ்ந்த சண்டையில் நுட்பமான தொலைவளவுக் கருவியின் தேவையும் குறைந்தது. அதை விரைந்து கையாளும் அளவுக்கு வீரர்களுக்குப் பயிற்சியும் போதவில்லை.

செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த இச்சண்டையில் பாகிஸ்தான் 97 டாங்கிகளை இழந்தது என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. இது செஞ்சுரியனால் மட்டும் விளைந்ததன்று. பழைய ஷெர்மன் டாங்கிகளும், இலேசான ஏ.எம்.எக்ஸ். டாங்கிகளும், ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கிகளும் பங்கு கொண்டன. அத்தகைய ஜீப் பீரங்கியால் பாட்டன் டாங்கிகளை அழித்து உயிர்துறந்த அப்துல் ஹமீதுக்குப் பரமவீர சக்கரம் வழங்கப்பட்டது.

1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றங்கரைச் சண்டையில் மற்றொரு செஞ்சுரியனில் இருந்தார் அருண் கேதர்பால். அவருக்கு வயது 21. அவருடைய டாங்கி குண்டடிபட்டுத் தீப்பற்றியது. வெளியேறும்படி ஆணை வந்தும், பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று கூறி மறுத்துத் தொடர்ந்து சுட்டார். அடுத்த குண்டில் உயிர்நீத்தார். அவருக்கும் பரமவீர சக்கரம் அளிக்கப்பட்டது.

பத்துப் பாகையின் மதிப்பு

1973 அக்டோபரில் இஸ்ரேலின் செஞ்சுரியன்கள் கோலன் குன்றுகளில் சிரியாவின் டாங்கிகளை எதிர்த்து நின்றன. சிரியாவிடம் பன்மடங்கு எண்ணிக்கையில் சோவியத் டாங்கிகள் இருந்தன. அவை உயரம் குறைந்தவை. ஆகவே சமவெளியில் அவற்றைக் குறிபார்ப்பது கடினம். ஆனால் குன்றில் அதுவே குறையாயிற்று.

பீரங்கிக் குழாயின் முன் முனையைத் தாழ்த்தினால் அதன் பின் முனை கோபுரத்துக்குள் மேலே எழும். ஏற்றப்பலகை விளையாட்டைப் போல! கூரை தாழ்வாயிருந்தால் பின் முனை இடிக்கும். ஆகவே சோவியத் டாங்கிகள் குழாயை ஏறத்தாழ 5 பாகையே தாழ்த்த முடிந்தது. உயரமான கோபுரமுள்ள செஞ்சுரியனோ 10 பாகை தாழ்த்தியது. மேட்டின் பின்னால் உடலை மறைத்து, கோபுரத்தை மட்டும் நீட்டி, கீழே பள்ளத்தாக்கில் வருபவரைச் சுட அதனால் முடிந்தது. ஓர் இடத்தில் குறையாகத் தெரிந்த உயரம் வேறோர் இடத்தில் கேடயமாயிற்று.

இடம் விட்டு வைத்தவர்கள்

1945-இல் பிறந்த டாங்கி 1973-இல் புதிய டாங்கிகளை எப்படி எதிர்த்தது? அது பழைய டாங்கியாகவே இருக்கவில்லை என்பதே விடை. முதலில் அதற்கு 76 மி.மீ. பீரங்கி. பின்னர் 84 மி.மீ. 1956-இல் ஹங்கேரியில் நடந்த கிளர்ச்சியின்போது, கைப்பற்றப்பட்ட சோவியத் டி-54 டாங்கி ஒன்றை அருகிலிருந்து காணும் வாய்ப்பு பிரிட்டிஷாருக்குக் கிடைத்தது. தம் பீரங்கி இனிப் போதாது என்பதை உணர்ந்தனர். பழைய பீரங்கி இருந்த இடத்திலேயே பொருந்துமாறு 105 மி.மீ. பீரங்கியை வடிவமைத்தனர். இஸ்ரேலியர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, எளிதில் தீப்பற்றாத டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டனர். இத்தனையும் உள்ளே அமைவதற்கு முதல் வடிவமைப்பாளர்கள் இடம் விட்டு வைத்திருந்தார்கள். 40 டன் தடைக்குப் பணிந்திருந்தால் அந்த இடம் இருந்திருக்காது.

அந்த 105 மி.மீ. பீரங்கி நம் ஊருக்கும் வந்தது. சென்னையை அடுத்த ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960-களின் நடுப்பகுதியிலிருந்து செய்யப்பட்ட விஜயந்தா டாங்கியில் இருந்தது அதே பீரங்கிதான். விஜயந்தாவின் எடை 39 டன். மணிக்கு 48 கி.மீ. ஓடும், கவசமோ செஞ்சுரியனைவிட மெல்லியது. அங்கே போர்வை வேறு பக்கம் இழுக்கப்பட்டது. 2022-இல் தொடங்கிய உக்ரைன் போரில் சிறு டிரோன்கள் டாங்கிகளை மேலிருந்து தாக்கின. முன்பக்கத்தையே தடிப்பாக்கி வந்தவர்களுக்கு மெல்லிய கூரை புதிய கவலையாயிற்று. போர்வைப் பூசல் இன்னும் ஓயவில்லை.

அணுகுண்டின் முன் ஒரு டாங்கி

செஞ்சுரியன் சந்தித்த மிகக் கடுமையான தாக்குதல் எந்தப் போரிலும் நிகழவில்லை. ஒரு சோதனையில் நிகழ்ந்தது. 1953 அக்டோபர் 15 அன்று ஆஸ்திரேலியாவின் எமு பீல்டு பாலைவனத்தில் பிரிட்டன் ஓர் அணுகுண்டை வெடித்தது. ஏறத்தாழ 460 மீட்டர் தொலைவில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆளில்லாத ஒரு செஞ்சுரியன் நிறுத்தப்பட்டிருந்தது.

வெடிப்புக்குப் பின் பார்த்தபோது 50 டன் டாங்கி ஒன்றரை மீட்டர் தள்ளப்பட்டிருந்தது. விளக்குகளும் பார்வைக் கண்ணாடிகளும் மணல் வீச்சால் மழுங்கியிருந்தன. எஞ்சின் நின்றிருந்தது, எரிபொருள் தீர்ந்ததுதான் காரணம். சில நாட்களில் அதை அங்கிருந்து ஓட்டியே சென்றார்கள். பின்னாளில் அதே டாங்கி வியட்நாம் போரிலும் பணியாற்றியது.

எஃகின் வெற்றி என்று இதை வியக்கத் தோன்றும். ஆனால் சோதனையின் முடிவில் மற்றொரு செய்தியும் இருந்தது. உள்ளே ஆட்கள் இருந்திருந்தால் அதிர்ச்சி அலையால் அவர்கள் இறந்திருப்பார்கள் என்று கருதப்பட்டது.

ஒரு செஞ்சுரியனுக்குள் நால்வர் இருப்பர்: தலைவர், பீரங்கி வீரர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர். சாய்ந்த தகடும் ஜைராஸ்கோப்பும் மரச்செருப்புக் குண்டும் எல்லாம் அந்த நால்வருக்காகவே. எதிரே வரும் டாங்கிக்குள்ளும் நால்வரோ ஐவரோ இருக்கிறார்கள். அவர்களையும் ஒரு வடிவமைப்பாளர் கணக்குப் போட்டுக் காக்க முயன்றிருக்கிறார். பொறியியலாளர் டாங்கியைக் காக்கும் வழி கண்டுபிடித்துக்கொண்டே போகலாம். போரிலிருந்து மனிதரைக் காக்கும் வழியை எந்த வரைபலகையிலும் வரைய முடியாது.